ஒரே ஓர் இடம்

"அவனுக்குக் கையில அடிபட்டா எனக்கு எடம் கெடைக்கும்னு நெனைக்கது பாவமா மாமா?"

கேட்டவனுக்குப் பதினான்கு வயது. குன்னத்துகாலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பவன். பள்ளிக்கூடத்து கிரிக்கெட் அணியில் விக்கெட் கீப்பர். சரியாகச் சொன்னால், இரண்டாவது விக்கெட் கீப்பர். முதல் கீப்பர் இவனைவிட இரண்டு வகுப்பு மூத்தவன். ஒரே பஸ்ஸில் போய் வருகிறவர்கள். நண்பர்கள்.

மூன்று மாதங்களாக நடந்த எல்லா ஆட்டங்களுக்கும் பையன் போயிருக்கிறான். கிட் பையைச் சுமந்திருக்கிறான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். ஒரு பந்துகூடப் பிடித்ததில்லை. அன்று சாயங்காலம் கையுறைகளை என் மேஜை மேல் வைத்து, யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னான். ஏன் என்று கேட்டபோது முதலில் பேசவில்லை. அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. அவனைப் பயமுறுத்தியது விளையாட வாய்ப்பில்லாதது அல்ல, தன் மனதில் வந்த நினைப்பு.

எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. வீட்டுக்குள் தமிழ், பள்ளியில் மலையாளம், ஸ்கோர் எண்ணும்போது ஆங்கிலம். மூன்று மொழியிலும் யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை. "நாளைக்கு வா மக்கா" என்று அனுப்பிவைத்தேன்.

கையுறைகள் மேஜையிலேயே கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் அன்று நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கட்டுரை. தற்செயல்தான் என்றாலும் அதுவும் ஒரு பந்து பிடிப்பவரைப் பற்றியதுதான். மோ பெர்க் என்ற அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்.

பேஸ்பாலில் மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருப்பவரை கேட்சர் என்கிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அரை நாள் செலவழித்தேன். 'பிடிப்பவர்' என்றால் தெருநாய் பிடிக்க வந்த நகராட்சி ஊழியர் நினைவுக்கு வருகிறார். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'விக்கெட் காப்பாளர்' உண்டு. பேஸ்பாலில் விக்கெட்டே கிடையாது. கடைசியில் கேட்சர் என்றே விட்டுவிட்டேன்.

கேட்சரின் வேலை பந்தைப் பிடிப்பதோடு முடிவதில்லை. அடுத்த பந்து எப்படி வர வேண்டும் என்பதைத் தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டி எறிபவருக்குச் சொல்வதும் வழக்கமாக அவர் பொறுப்பு. முகத்தில் கம்பிக் கூண்டு, மார்பில் கவசம், முழங்காலுக்குக் கீழே தடுப்பு. இந்தக் கவசங்களுக்கு அமெரிக்க ஆட்டக்காரர்கள் வைத்த கேலிப் பெயர் 'அறியாமையின் கருவிகள்'. அறிவுள்ளவன் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு அங்கே போய் உட்காருவானா என்பது கேலியின் பொருள்.

மோ பெர்க்கின் விஷயத்தில் இந்தக் கேலி எடுபடவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் உட்பட ஏழு மொழிகள் படித்தவர் அவர். பிறகு கொலம்பியாவில் சட்டம் படித்தார். 1923இல் தொழில்முறை ஆட்டக்காரராக நுழைந்தபோது அவர் கேட்சர் அல்ல. 1927இல் சிகாகோ அணியின் கேட்சர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டுப் படுத்தார்கள். வேறு ஆள் இல்லாமல் பெர்க் கூண்டை மாட்டிக்கொண்டார். அதன் பிறகு அதுவே அவர் இடமாயிற்று.

இந்த இடத்துக்கு வந்தபோது பேனாவை மூடிவைத்தேன். பையன் பாவமா என்று கேட்ட அதே விஷயத்தில்தான் ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கையே தொடங்கியிருக்கிறது!

அந்த வாழ்க்கையைப் பெரிது என்றும் சொல்ல முடியாது. 15 சீசன்களில் 663 ஆட்டங்கள், ஆறே ஆறு ஹோம் ரன்கள். பெரும்பாலான ஆண்டுகளில் மாற்று ஆள்தான். பல மொழிகள் தெரியும், ஒரு மொழியிலும் பந்தை அடிக்கத் தெரியாது என்று சக ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். 1939இல் விளையாட்டை விட்டார். உலகப்போரின்போது அமெரிக்க உளவுத்துறை அவரை எடுத்துக்கொண்டது. 1944 டிசம்பரில் ஜெர்மன் விஞ்ஞானி ஹைசன்பர்க் சூரிச்சில் பேசிய கூட்டத்தில், சட்டைக்குள் கைத்துப்பாக்கியோடு பெர்க் உட்கார்ந்திருந்தார். ஜெர்மனி அணுகுண்டை நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் ஹைசன்பர்க்கைச் சுட வேண்டும் என்பது உத்தரவு. பெர்க் முழுப் பேச்சையும் கேட்டார். சுடவில்லை. கண்ணெதிரே இருப்பவனைக் கவனித்துப் படிப்பது கேட்சரின் பழக்கம். அது அன்று ஓர் உயிரைக் காப்பாற்றியதோ என்னவோ.

ஆனால் குன்னத்துகால் பையனுக்கு சூரிச் எதற்கு? அவனுக்குத் தெரிந்த ஆட்டத்தில் அவன் நிலையில் நின்றவர்கள் யார் என்று யோசித்தேன். ஒரு பட்டியலே வந்தது.

கிரிக்கெட் அணியில் பதினொரு பேர். நாட்டின் ஐந்தாவது சிறந்த பேட்ஸ்மேனுக்கும் அணியில் இடம் உண்டு. நான்காவது சிறந்த பந்துவீச்சாளருக்கும் உண்டு. இரண்டாவது சிறந்த விக்கெட் கீப்பருக்கு இடம் கிடையாது. வேறெந்த வேலையிலும் முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் இவ்வளவு தூரம் இருப்பதில்லை. ஒருவர் பத்து வருடம் ஆடினால் இன்னொருவர் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். அவர் தகுதி குறைந்துவிட்டது என்று பொருளல்ல. இருப்பது ஒரே ஓர் இடம்.

1971இல் அஜித் வடேகர் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன அணியை எல்லோருக்கும் நினைவிருக்கும். கவாஸ்கர் 774 ரன் குவித்த தொடர். அந்தத் தொடரின் ஐந்து டெஸ்ட்களிலும் அணியில் இருந்த பெயர்களில் ஒன்று ஹைதராபாத்தின் பி. கிருஷ்ணமூர்த்தி. அவர்தான் விக்கெட் கீப்பர். பேடி, பிரசன்னா, வெங்கட்ராகவன் சுழற்றிய பந்துகளை ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து பிடித்தவர். தொடரை இந்தியா வென்றது. அடுத்து இங்கிலாந்துப் பயணம். அங்கே ஃபாரூக் என்ஜினியர் டெஸ்ட் போட்டிகளுக்குத் திரும்பிவந்தார். கிருஷ்ணமூர்த்தி அதற்குப் பிறகு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை.

அந்த இங்கிலாந்துப் பயணத்தில் இன்னொரு இளைஞரும் காத்திருந்தார். பெயர் சையத் கிர்மானி. 1974இல் மறுபடி இங்கிலாந்து போனார். மறுபடி காத்திருந்தார். முதல் டெஸ்ட் ஆடக் கிடைத்தது 1976 ஜனவரியில், ஆக்லாந்தில். அடுத்த டெஸ்ட்டிலேயே ஒரே இன்னிங்ஸில் ஆறு பேரை ஆட்டமிழக்கச் செய்து அன்றைய உலக சாதனையைச் சமன்செய்தார். அத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு அந்த இன்னிங்ஸே பதில்.

ஆனால் நான் பையனுக்குச் சொல்ல நினைத்தது கிர்மானியின் கதை அல்ல. கிர்மானியின் நிழலில் நின்ற சென்னைக்காரரின் கதை.

பரத் ரெட்டி 1954இல் சென்னையில் பிறந்தவர். 1973 முதல் தமிழ்நாட்டு அணிக்கு ஆடினார். ஒரு பக்கம் வெங்கட்ராகவன் ஆஃப் ஸ்பின் போடுவார். மறுபக்கம் வி.வி. குமார் லெக் ஸ்பின் போடுவார். இருவருக்கும் ஸ்டம்பை ஒட்டி நின்று கீப்பிங் செய்வது என்றால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை பேட்ஸ்மேனுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பந்து தரையில் பட்டு எழும்வரை குந்தியிருக்க வேண்டும். முன்னதாக எழுந்தால் பந்து கைக்குக் கீழே போய்விடும். ஒரு நாளைக்கு 90 ஓவர் என்றால் 540 முறை உட்கார்ந்து எழ வேண்டும். 539 முறை சரியாகச் செய்ததை யாரும் எழுதிவைப்பதில்லை. தவறவிட்ட ஒன்று 'பை' என்ற பெயரில் ஸ்கோர் புத்தகத்தில் ஏறும்.

(மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இது எனக்குப் பழகிய கணக்கு. முந்நூறு பக்கம் சரியாக இருந்தால் மூல ஆசிரியரைப் பாராட்டுவார்கள். ஒரு சொல் தவறினால்தான் என் பெயரைத் தேடுவார்கள்.)

1979இல் இங்கிலாந்து போன அணியில் கிர்மானி பெயர் இல்லை. அதற்கு முந்தைய தொடர்களில் அவர்தான் கீப்பர். கெர்ரி பாக்கரின் தனியார் போட்டிகளுக்குப் போய்விடுவார் என்ற பேச்சு அப்போது இருந்தது, அதனால்தான் நீக்கினார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. கவாஸ்கரிடமிருந்து தலைமையும் வெங்கட்ராகவனிடம் வந்திருந்தது. இப்படித்தான் 24 வயது பரத் ரெட்டி டெஸ்ட் கீப்பரானார். இன்னொருவருக்கு மூடிய கதவு இவருக்குத் திறந்தது. இவர் தள்ளித் திறந்ததல்ல.

முதல் டெஸ்ட் பர்மிங்காமில். இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 633 ரன் எடுத்தது. அத்தனை நேரமும் பின்னால் உட்கார்ந்து எழுந்ததுதான் பரத் ரெட்டிக்குக் கிடைத்த வரவேற்பு. லார்ட்ஸிலும் லீட்ஸிலும் டிரா. நான்காவது டெஸ்ட் ஓவலில்.

கடைசி நாள். வெற்றிக்கு மொத்தம் 438 ரன் தேவை. கவாஸ்கர் 221 எடுத்தார். சௌஹான் 80, வெங்சர்க்கார் 52. ஒரு கட்டத்தில் வெற்றி நிச்சயம் என்று தோன்றியது. பிறகு விக்கெட்கள் மளமளவென்று சரிந்தன. ஆட்டம் முடிந்தபோது இந்தியா 8 விக்கெட்டுக்கு 429. இன்னும் ஒன்பது ரன், இரண்டு விக்கெட். வெற்றி, தோல்வி, டிரா, டை நான்கும் எட்டும் தூரத்தில் இருந்த நிமிடங்களில் களத்தில் நின்ற இருவர் கர்சன் காவ்ரியும் பரத் ரெட்டியும். காவ்ரி 3, ரெட்டி 5. இருவரும் ஆட்டமிழக்கவில்லை.

அந்த 5 நாட் அவுட்தான் டெஸ்ட் கிரிக்கெட்டில் அவர் எடுத்த கடைசி ரன்கள்.

அணி தாயகம் திரும்பும்போது விமானத்திலேயே தலைமை கவாஸ்கரிடம் திரும்பிவிட்டதை விமானி அறிவித்தார் என்பது கிரிக்கெட் உலகம் அறிந்த கதை. கீப்பர் மாற்றத்துக்கு அப்படி அறிவிப்பு எதுவும் இல்லை. ஆஸ்திரேலியா இந்தியா வந்தபோது கிர்மானி ஸ்டம்புக்குப் பின்னால் இருந்தார், அவ்வளவுதான். அந்தத் தொடரின் பம்பாய் டெஸ்ட்டில், நாள் முடியும் நேரத்தில் மற்றவர்களைக் காப்பாற்ற முன்கூட்டி இறக்கப்பட்ட கிர்மானி 101 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அதற்குப் பிறகு யார் என்ன பேச முடியும்? 1983இல் உலகக் கோப்பையை வென்ற அணியிலும் அவர்தான். 88 டெஸ்ட், ஸ்டம்புக்குப் பின்னால் 198 பேர். பரத் ரெட்டியின் கணக்கு நான்கு டெஸ்ட், 11 பேர், 38 ரன்.

இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் பரத் ரெட்டி தோற்றுப்போனார் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் அவர் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தமிழ்நாட்டுக்கு ஆடினார். சென்னை லீக் கிரிக்கெட்டில் அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டவை கம்பெனிகளும் வங்கிகளும்தான். காலையில் ஆபீஸ், மதியம் வலைப்பயிற்சி, சனி ஞாயிறு ஆட்டம். டெஸ்ட் ஆடினவரானாலும் மாதச் சம்பளம் கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் உண்டு. ஆட்டம் முடிந்த பிறகு பரத் ரெட்டி செம்ப்ளாஸ்ட் சன்மார் நிறுவனத்தின் கிரிக்கெட் அணிகளைக் கவனிக்கும் பொறுப்பில் நீண்ட காலம் இருந்தார். அடுத்தடுத்த தலைமுறைப் பையன்களை அழைத்துவந்து வேலையும் ஆட்டமும் கிடைக்கச் செய்வது அந்தப் பொறுப்பு. ஓரிடத்துக்காகக் காத்திருந்தவர், மற்றவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தார்.

இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்போ தொட்டிலில் இருந்தபோதோ நடந்தவை. நானே பார்த்தது இன்னொரு சென்னைக்காரரின் கதை. தினேஷ் கார்த்திக்.

2004 செப்டம்பரில் லார்ட்ஸில் அவர் முதல் ஒருநாள் போட்டி ஆடினார். மைக்கேல் வானை ஸ்டம்ப் செய்த விதத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பத்து வருடத்துக்கு இந்தியாவுக்குக் கீப்பர் கிடைத்துவிட்டார் என்று நண்பர்களிடம் பந்தயம் கட்டினேன். மூன்று மாதம் கழித்து சிட்டகாங்கில் தோனி என்பவர் அறிமுகமானார். முதல் பந்திலேயே ரன் அவுட். என் பந்தயம் பத்திரமாக இருப்பதாக நினைத்தேன்.

2005 டிசம்பரில் தோனி தன் முதல் டெஸ்ட்டை ஆடினார். எந்த ஊரில்? சென்னையில். கார்த்திக்கின் சொந்த ஊரில், அவருடைய இடத்தில். தோனி அதிலிருந்து 2014 வரை 90 டெஸ்ட் ஆடினார்.

பரத் ரெட்டி காலத்தில் கீப்பர் கீப்பராக மட்டும் இருந்தால் போதும். கார்த்திக் காலத்தில் அது போதவில்லை. கையுறை கிடைக்காவிட்டால் மட்டையோடு வருகிறேன் என்றார் அவர். 2007இல் இங்கிலாந்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 263 ரன் எடுத்தார். அந்த டெஸ்ட் தொடரில் இந்தியர்களில் அதிக ரன் அவருடையதுதான். 1986க்குப் பிறகு இந்தியா இங்கிலாந்தில் வென்ற தொடர் அது. அப்படியும் இடம் நிலைக்கவில்லை. 2010 ஜனவரிக்குப் பிறகு இந்தியா 87 டெஸ்ட் ஆடும் வரை அவர் வெளியே இருந்தார். 2018 ஜூனில் திரும்ப அழைத்தார்கள். காரணம், கீப்பர் ரித்திமான் சாஹாவின் கட்டைவிரலில் காயம்.

மறுபடியும் அடிபட்ட கை. மோ பெர்க்குக்குக் கிடைத்த அதே வாசல்.

அதே 2018 மார்ச் 18ஆம் தேதி இரவை மறக்க முடியாது. கொழும்பில் நிதாஹாஸ் கோப்பை இறுதிப் போட்டி. வங்கதேசத்துக்கு எதிராகக் கடைசி 12 பந்தில் 34 ரன் தேவை என்ற நிலையில், ஏழாவது ஆளாக கார்த்திக்கை அனுப்பினார்கள். எட்டுப் பந்தில் 29. கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்பட்டபோது கவர் திசையில் ஒரு சிக்ஸர். பதினான்கு வருடக் காத்திருப்புக்கு எட்டுப் பந்து. இது நியாயமான விகிதமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எட்டுப் பந்துக்கு ஆயத்தமாக இருந்தவர் வேறு யாரும் அன்று அங்கே இல்லை.

26 டெஸ்ட், 94 ஒருநாள், 60 இருபது ஓவர் போட்டிகள் என்ற கணக்கோடு 2024 ஜூன் 1ஆம் தேதி, தன் 39ஆவது பிறந்தநாளன்று, கார்த்திக் ஓய்வை அறிவித்தார். அவர் ஆடிய கடைசி ஐ.பி.எல். போட்டி அதற்குப் பத்து நாள் முன்பு ஆமதாபாதில் நடந்தது. எதிரணித் தலைவர் யார் தெரியுமா? அவரும் ஒரு விக்கெட் கீப்பர்தான். எங்கள் நெய்யாற்றின்கரை தாலுக்காவின் கடற்கரைக் கிராமமான புல்லுவிளையில் பிறந்த சஞ்சு சாம்சன்.

எங்கள் பையன் சுவரில் ஒட்டிவைத்திருப்பது அவர் படத்தைத்தான். அதனால் சாம்சன் கணக்கையும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2015 ஜூலையில் ஹராரேயில் இந்தியாவுக்காக ஒரு இருபது ஓவர் போட்டி. அடுத்தது 2020 ஜனவரியில். நடுவில் நாலரை வருடம். 2024இல் இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றபோது அவர் அணியில் இருந்தார், ஒரு போட்டியிலும் ஆடவில்லை. ரிஷப் பந்த் கீப்பர். பெரிய கார் விபத்தில் தப்பி, பதினான்கு மாதத்துக்கு மேல் களத்துக்கு வெளியே இருந்து மீண்டு வந்தவர் பந்த். அவர் எழுந்து நடந்ததற்கு நாடே மகிழ்ந்தது. அவர் வந்து நின்ற இடம் இன்னொருவர் காத்திருந்த இடம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. அதே ஆண்டு அக்டோபரிலும் நவம்பரிலுமாக சாம்சன் மூன்று சதம் அடித்தார்.

மறுநாள் பையன் வந்தான். இவ்வளவையும் சொல்லவில்லை. பாதி சொன்னேன். பிறகு அவன் கேள்விக்கு வந்தேன்.

"நெனைப்பு வரும் மக்கா. ஒரே ஓர் எடத்துக்கு ரெண்டு பேர் நின்னா அது வராம இருக்காது. வந்ததுக்காக உன்னைப் பாவின்னு சொல்ல மாட்டேன்."

ஆனால் அந்த நினைப்பால் உபயோகம் இல்லை என்பதையும் சொன்னேன். தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் 147 டெஸ்ட் ஆடிய கீப்பர். 2012 ஜூலையில் இங்கிலாந்தில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஸ்டம்பின் மேலிருந்த பெயில் பறந்து அவர் கண்ணில் பட்டது. அன்றோடு ஆட்டம் முடிந்தது. அடுத்த கீப்பர் என்று வாரியம் ஒப்பந்தம் கொடுத்து வைத்திருந்தவர் தாமி சோலெகிலே. கையுறை அவருக்குப் போயிற்றா? இல்லை. அணியிலேயே இருந்த ஏ.பி. டிவில்லியர்ஸ் அதை எடுத்துக்கொண்டார். இன்னொருவனுக்கு அடிபட்டால் உனக்கு இடம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. இடம் காலியாகிற அன்று நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் உன் கையில் இருக்கிறது. அதனால் கீப்பிங்கை விடாதே, ஆனால் மட்டையையும் எடு என்றேன். இந்தக் காலத்தில் மட்டை பிடிக்கத் தெரியாத கீப்பரை முதல் இடத்துக்கே எடுப்பதில்லை, இரண்டாம் இடத்துக்கு எப்படி எடுப்பார்கள்?

கடைசியில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது, மறைப்பது நியாயமில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம். கிருஷ்ணமூர்த்திக்குப் போயிற்று.

பையன் கொஞ்ச நேரம் கையுறையின் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தான்.

"அந்த மெட்ராஸ்காரரு தோத்துட்டாரா மாமா?"

"கடைசி ஆட்டத்துல அவுட்டாகல. அதுக்கு மேல நீயே சொல்லு."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையுறைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் அறிவுரையால் போனானா, அம்மா கூப்பிட்டதால் போனானா என்பது தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும் வழியில், மரச்சீனி பிடுங்கிவிட்டு வெறுமனே கிடந்த விளையில் இரண்டு பையன்களைப் பார்த்தேன். மூத்தவன் ஒரு ரப்பர் மரத்தின் முன் குந்தியிருந்தான். நம்மவன் நனைத்த டென்னிஸ் பந்தைத் தரையில் குத்தி எறிந்துகொண்டிருந்தான். ஆறு பந்துக்கு ஒரு முறை இடம் மாறினார்கள். ஒருவன் குந்தும்போது இன்னொருவன், "முன்னாடியே எந்திக்காத" என்று கத்தினான்.

நின்று பார்த்தேன். மூத்தவனின் இடது கைச் சுண்டு விரலில் வெள்ளைத் துணிக் கட்டு இருந்தது. என்னாச்சு என்று கேட்டேன். வீட்டுக் கதவில் நசுங்கியதாம். ரெண்டு நாளில் சரியாகிவிடுமாம்.

அவன் பேசி முடிப்பதற்குள் நம்மவன் அவசரமாக என் பக்கம் திரும்பினான்.

"நான் ஒண்ணும் நெனைக்கல மாமா!"